'மதி' என்று சொல்லப் பழகுவது எப்படி

குமுளியில் எந்தச் சோற்றுக்கடையில் போய் உட்கார்ந்தாலும், சிவப்பு மட்டை அரிசிச் சோற்றை அள்ளிக்கொண்டு வருகிற சேச்சி இலைக்குப் பக்கத்தில் நின்று "மதியோ?" என்று கேட்பார். போதுமா என்று அர்த்தம். நீங்கள் "மதி" என்று சொல்கிறவரை சோறு விழுந்துகொண்டே இருக்கும், சொன்னதும் கரண்டி அடுத்த இலைக்குப் போய்விடும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் மலையாளத்தில் முதலில் கற்றுக்கொள்கிற சில சொற்களில் இதுவும் ஒன்று. நான் 20 வருடமாகச் சோற்றுக்கு மட்டும்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் அதைச் சொல்ல வரவில்லை, சொல்லலாம் என்பதே தோன்றவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்தச் சொல்லை மற்றதற்கும் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு நெஞ்சில் ஒரு இடம் காலியானது. அதைத்தான் விடுதலை என்கிறேன், வேறு பெரிய பெயர் தெரியவில்லை. எப்படிக் கற்றுக்கொண்டேன், எங்கே தவறினேன், நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் எதை முதலில் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம், அதற்கு அடுத்த வருடம் மழை தப்பி வறட்சி. இடுக்கியில் ஏலச்செடி பாதி போய்விட்டது, காய் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் ஏலம் விட்டபோது ஏலக்காய் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த ஒரு எண் எங்கள் பக்கத்தில் செய்த வேலையைச் சொல்லி முடியாது. கம்பத்திலும் போடியிலும் டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அதுவரை ஸ்டோரில் (காய் உலர்த்துகிற இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சம்பளத்துக்கு வேலை பார்த்த நான், கடன் வாங்கி 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தேன். காய் வருவதற்கு முன்பே 5 லட்ச ரூபாய் கடனில் கார் வந்தது. வீட்டுக்கு முகப்பு கட்டினேன், கிரானைட், கண்ணாடி, இரவில் எரிகிற நீல விளக்கு, எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். மலை மேல் இருக்கிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அப்படி ஒரு முன்பக்கம் வேண்டும் என்று ஆசை. என் மனைவி சமைக்கிற அடுப்படிக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அதை நான் யோசிக்கவே இல்லை.

பிறகு விலை இறங்கியது. 2022இல் ஆயிரத்துக்கும் கீழே போனது. நான் அதற்கு முன்பே, 2021இலேயே, தாங்க முடியாமல் குத்தகையை விட்டுவிட்டேன். பச்சைக்காய் 5 கிலோ உலர்த்தினால் 1 கிலோ ஏலக்காய் வரும். விலை விழுகிறபோது அந்த 5 கிலோவுக்குக் கொடுத்த உரம், மருந்து, கூலி எதுவும் கூடவே விழாது. காரை விற்றேன், நகை போனது, மறுபடி ஸ்டோரில் சம்பளம். ஊர்க்கணக்கில் நான் தோற்றவன். அதற்குப் பிறகுதான் இதெல்லாம்.

முகப்பா, அடுப்படியா?

முதல் வேலை ஒரு நோட்டு. 40 பக்க நோட்டு போதும், ஆப் எல்லாம் வேண்டாம், கையால் எழுதினால்தான் உறைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போட்டு இடதுபக்கம் 'முகப்பு' என்றும் வலதுபக்கம் 'அடுப்படி' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முழுக்கச் செலவாகிற ஒவ்வொரு ரூபாயையும் இரண்டில் ஒன்றில் போட வேண்டும். தெருவில் போகிறவர் பார்ப்பதற்காகச் செய்தது முகப்பு. வீட்டுக்குள் இருக்கிறவர்களின் உடம்புக்கும் மனதுக்கும் போய்ச் சேர்ந்தது அடுப்படி.

கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து எழுதும்போதுதான் தகராறு. பிள்ளையின் பள்ளிக்கட்டணம் எந்தப் பக்கம்? நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்பதற்காகச் சேர்த்திருந்தால் அடுப்படி, மஞ்சள் பஸ் வாசலில் வந்து நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக என்றால் முகப்பு. பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், அப்போது பாதிப் பாதி எழுதுங்கள். கோயில் நன்கொடையில் கல்வெட்டில் பெயர் வருவதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பகுதி எது என்று உங்களுக்கே தெரியும். நல்ல செருப்பு எனக்கு அடுப்படி, ஏனென்றால் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிறேன். இன்னொருவருக்கு அதே செருப்பு முகப்பாக இருக்கலாம். ஆகவே அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுத முடியாது.

ஒரு மாதம் முடியும்வரை எதையும் குறைக்காதீர்கள். எழுத மட்டும் செய்யுங்கள். நான் முதல் வாரத்திலேயே ஆவேசமாக எல்லாவற்றையும் வெட்டினேன், மூன்றாவது வாரம் பழைய செலவு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

ரூபாயை நாளாக மாற்றுங்கள்

இது எனக்கு உதவியதைப் போல வேறு எதுவும் உதவவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு மாதம் 22,000 ரூபாய் சம்பளம். காலை 6 மணிக்குக் கம்பத்தில் ஜீப் ஏறினால் திரும்ப வீடு வர மாலை 6 மணி. ஜீப் வாடகை, மேலே குடிக்கிற டீ, வெளிச்சாப்பாடு, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் என்று இந்த வேலைக்காகவே ஆகிற செலவு சராசரியாக 4,000. மீதி 18,000. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 692 ரூபாய். அதாவது என் வாழ்க்கையில் ஒரு முழுப் பகலை விற்றால் கையில் நிற்பது 692 ரூபாய்.

இப்போது எந்தப் பொருளையும் இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 20,000 ரூபாய் போன் என்றால் 29 நாள், ஒரு மாதத்துக்கும் மேல் மலையேறி இறங்க வேண்டும். வாசலில் நின்ற அந்தக் காருக்கு, 5 லட்சத்துக்கு 10 சதவிகித வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணை 10,624 ரூபாய். இன்றைய என் சம்பளத்தில் மாதத்துக்கு 15 நாளுக்கு மேல். பெட்ரோல் தனி. அந்தக் காரில் நான் மாதம் 6 நாள்கூடப் போனதில்லை.

'விலை அதிகம்' என்று சொன்னால் மனம் உடனே வாதாடும், தள்ளுபடி இருக்கிறது, தவணை இருக்கிறது என்று. '29 நாள்' என்று சொன்னால் வாதாட்டம் நின்றுவிடுகிறது. அந்த 29 நாளைக் கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள், அது உங்கள் நாள். என் மகளுக்குக் கண்ணாடி மாற்ற 5 நாள் ஆனது, ஒரு நொடி யோசிக்கவில்லை.

உங்களுடைய எண்ணைக் கணக்குப் போடும்போது நேர்மையாக இருங்கள். வேலைக்காகச் செய்கிற செலவை எல்லாம் கழித்துவிட வேண்டும். ஐ.டி. வேலையில் இருக்கிற என் தங்கை மகன் சென்னை வாடகை, டாக்சி, மாதக் கடைசியில் மன அழுத்தத்துக்காகப் போகிற ஊட்டிப் பயணம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

செய்முறை

எங்கள் தேனி, மதுரைப் பக்கத்தில் எளிமையைப் பற்றி யார் பேசினாலும் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். கல்யாணம், காதணி விழா, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, எல்லாவற்றுக்கும் மொய். இப்படி விசேஷத்துக்கு மொய், சீர் வைப்பதைத்தான் இங்கே செய்முறை என்போம். இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். வைத்ததற்கு மேல் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும், தாய்மாமன் என்றால் சீர் தனி, அந்தச் சீர்த்தட்டு எத்தனை என்பதை ஊரே எண்ணும்.

மொய் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். வங்கி வாசலுக்கே போகாத எங்கள் அப்பத்தா காலத்தில், வட்டியில்லாமல் ஒரு கல்யாணத்தை நடத்திக் கொடுத்தது இந்த மொய்தான். ஊரே சேர்ந்து தூக்கிவிடுகிற ஏற்பாடு அது. பிரச்சினை அது ஏறிக்கொண்டே போவதுதான். 5,000 ரூபாய் மொய் எனக்கு 7 நாள். ஆவணியில் ஒரே மாதத்தில் 4 பத்திரிகை வந்தால் மாதம் முழுக்க அடுத்தவர் பந்தலுக்கே வேலை பார்த்தது போல.

நான் செய்தது இது. பழைய மொய் நோட்டை எடுத்து, நாங்கள் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தனியாக எழுதினேன். அது கடன், அதை ஏமாற்றக் கூடாது, எளிமை என்ற பெயரில் அடுத்தவர் பணத்தை விழுங்குவது அசிங்கம். வைத்தவர்களுக்கு வைத்ததைத் திருப்பினேன், ஆனால் கூட்டி வைக்கவில்லை, வாங்கியதோடு 100 ரூபாய் மட்டும். அதைப் பந்தலில் போய்த் தெரியவைக்காமல், ஒரு வாரம் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொன்னேன். "அத்தாச்சி, நீங்க வச்சதைக் கொண்டாந்து வச்சிருவேன், இனிமே கூட்டி வைக்க என்னால ஆகாது, எங்க வீட்டு விசேசத்துக்கு நீங்களும் கூட்ட வேணாம்." முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் முடியலதான் தம்பி" என்றார்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. இரண்டு வீட்டில் பேச்சுக் குறைந்தது, ஒரு வீட்டில் இன்றும் வருத்தம்தான். அதற்குப் பதிலாக நான் பணம் இல்லாத செய்முறையைக் கூட்டினேன்: விசேஷத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தல் வேலை, காய் நறுக்குவது, பந்தி பரிமாறுவது, ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் ராத்திரித் துணைக்கு உட்காருவது. ஆள் போய் நின்றால் பணம் குறைந்ததை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மறக்காதவர்கள் நம்மிடம் எதிர்பார்த்தது எது என்றும் தெரிந்துவிடுகிறது.

விளக்கம் சொல்லாதீர்கள்

காரை விற்ற பிறகு மூன்று நான்கு மாதம் எனக்குப் பெரிய வேதனை பணத்தால் வரவில்லை. சந்தைக்குச் சைக்கிளில் போனால் "என்னப்பே, கார் எங்க?" என்று கேட்பார்கள். நான் உடனே ஆரம்பிப்பேன்: சர்வீசுக்கு விட்டிருக்கிறேன், டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், புது மாடல் வரட்டும் என்று பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் களைத்துப்போய் இருக்கும். ஒரு நாள் வண்டிப்பேட்டைப் பக்கம் ஒருவர் கேட்டபோது என்னை அறியாமல் "வித்துட்டேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அவர் "அப்படியா, தக்காளி என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் அந்தக் கேள்வி! நான்தான் அதற்குள் என் மானம் முழுவதையும் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து பழகிக்கொண்டது: ஒரு கேள்விக்கு உண்மையான ஒரு வாக்கியம், பிறகு வாயை மூடிக்கொள்வது. "என்ன பண்றீங்க?" "ஸ்டோர்ல வேலை பாக்குறேன்." "பையன் என்ன படிக்கிறான்?" "ஐ.டி.ஐ., எலக்ட்ரீசியன்." வெட்கம் இருப்பது வேலையில் இல்லை, வேலைக்குப் பின்னால் நாம் ஒட்டவைக்கிற 'ஆனா வந்து...' என்ற இழுவையில்தான் இருக்கிறது. அந்த இழுவையை வெட்டுவது கடினம். வீட்டில் தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நான் ஜீப்பில் கடைசி சீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பழகியிருக்கிறேன். ஒரு மாதத்தில் நாக்குக்கு வந்துவிடும், மனதுக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆகும்.

போனைப் பற்றிச் சுருக்கமாக: குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் யார் என்ன வாங்கினார்கள் என்று படம் வருகிற குழுக்களை ஒலி நிறுத்திவிட்டு வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாருங்கள். வெளியேற வேண்டாம், வெளியேறினால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

கடன் இருந்தால்

கடனோடு எளிமை வராது. மனம் எவ்வளவு அமைதியானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பைக் சத்தம் கேட்டால் அமைதி போய்விடும். எனக்கு 3 லட்சம் ரூபாய் 3 வட்டியில் இருந்தது. 3 வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும், மாதம் 9,000 ரூபாய், வருடத்துக்கு 36 சதவிகிதம், அசலில் ஒரு ரூபாய் குறையாது. வங்கி நகைக்கடன் ஏறத்தாழ 10 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். ஆகவே முகப்பு சம்பந்தப்பட்ட எதை விற்று வந்த பணமாக இருந்தாலும் முதலில் கைமாற்று வட்டிக்காரருக்கு, பிறகு வண்டிக்கடன், கடைசியாக நகை. நாள்வட்டி, மீட்டர் வட்டி என்று யாராவது உருட்டி மிரட்டினால், கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது, காவல் நிலையத்திலோ கலெக்டர் ஆபீஸ் மனுநாளிலோ புகார் கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விற்கும்போது ஒன்று நினைவில் வையுங்கள், இதை நான் தவறவிட்டேன். எதை விற்பது என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஆண்களுக்கு எளிமை ஞானம் வந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் போவது கிரைண்டரும் மிக்சியும்தான். இட்லி மட்டும் நிற்காமல் வரவேண்டும். நான்கூட வாஷிங் மிஷினை விற்றுவிடலாம் என்று ஒரு நாள் பெரிய மனதோடு சொன்னேன். "நீங்க துவைக்கிறதா இருந்தா விப்போம்" என்றாள் என் மனைவி. சரிதானே. ஒருவரின் விடுதலைக்கு இன்னொருவர் கூடுதலாக வேலை செய்ய வேண்டி வந்தால் அது எளிமை கிடையாது, அதுவும் ஒரு முகப்புதான். வீட்டுவேலையின் நேரத்தை மிச்சப்படுத்துகிற எதையும் விற்காதீர்கள்.

அதேபோல இந்தப் பேச்சை எல்லோரிடமும் பேசக் கூடாது. விடிவதற்கு முன்பே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து காய் பறிக்க வருகிற பெண்களிடம் போய் ஆசையைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வரக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது நல்ல கூலியும் பத்திரமான வண்டியும். இல்லாமல் இருப்பதும் வேண்டாம் என்று வைப்பதும் வேறு வேறு.

ஒரு கெடு வையுங்கள்

1921 செப்டம்பர் 22ஆம் தேதி, நம் மதுரையில்தான், காந்தி தன் தொப்பியையும் மேலாடையையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். மதுரைக்கு வருகிற வழியில் ரயிலில் சிலரிடம் கதர் கட்டச் சொன்னபோது, கதர் வாங்குகிற அளவுக்கு எங்களிடம் காசு இல்லை என்று அவர்கள் சொன்ன பதில் அவரை உறுத்தியது. இது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, அவர் அன்று ஒரு கெடு வைத்தார் என்பது: குறைந்தது அக்டோபர் 31 வரை இப்படி இருப்பேன் என்றுதான் அறிவித்தார். ஐந்து வாரத்துக்குச் சற்று மேல். கெடு முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்க அந்த உடையிலேயே இருந்துவிட்டார்.

எனக்கு இது பெரிய ஆறுதல். வாழ்நாள் சபதம் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. 40 நாள் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் கார்த்திகையில் இருக்கிற ஒரு மண்டலம் 41 நாள், அந்தப் பழக்கம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த நாட்களில் செருப்பில்லாமல், ஒரே நிற வேட்டியில், வெறும் தரையில் படுத்து எழுகிற ஆளை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை, சாமி என்று கூப்பிடுகிறார்கள். ஆக ஊருக்கு எளிமையை மதிக்கத் தெரியும். ஒரு கெடுவுக்கு நோட்டின் இடதுபக்கத்தில் இருந்து ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டு வாழ்ந்து பாருங்கள். கெடு முடிந்ததும் உண்மையில் அது வேண்டியிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நான் நீல விளக்கை எடுத்தேன், கேபிள் டி.வி.யை எடுத்தேன். கேபிள் 41ஆம் நாள் திரும்ப வந்துவிட்டது, அம்மாவுக்கு அது இல்லாமல் பகல் ஓடவில்லை. விளக்கு வரவில்லை.

இந்தக் கெடுவில் இரண்டாவது வாரம் வெறுமை வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வாங்குவது, காட்டுவது, பேசுவது எல்லாம் குறைந்ததும் மாலை நேரம் நீண்டுபோய்க் கிடக்கும், ஏதோ இழவு வீடு போல இருக்கும். அந்த நேரத்தில் தியானம் அது இது என்று பெரிதாகத் தொடங்காமல் நடக்கப் போங்கள். நான் முல்லைப்பெரியாற்றங்கரையில் நடப்பேன். ஜூன் மாதம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயல் ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். முதலில் பத்து நாள் மனதுக்குள் கணக்குதான் ஓடியது, யார் என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று. பிறகு ஒரு நாள் நாற்றுப் பறிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீரில் வேர் அலசுகிற சத்தம். நான் அந்த ஊரில் பிறந்தவன், 40 வயதுக்கு மேல்தான் அதை நின்று கேட்டேன்.

மதி எண்

எல்லாம் ஓரளவு நிலைக்கு வந்த பிறகு இதைச் செய்யுங்கள், முன்னால் செய்தால் தவறான எண் வரும். நோட்டின் வலதுபக்கத்தை மட்டும் மூன்று மாதம் கூட்டி, மாதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், என் அம்மாவையும் சேர்த்தால் ஐந்து. அரிசி ரேஷனில் வந்துவிடும். மளிகை, காய் 7,000, பால் 1,800, கேஸும் கரண்டும் 1,300, படிப்பு 3,000, அம்மா மருந்து 1,000, செய்முறைக்கு 1,500, போன், கேபிள் 400, போஸ்ட் ஆபீஸில் 2,000. மொத்தம் 18,000. என் மனைவி தையலில் சம்பாதிப்பது தனியே, அது முதலில் 6 மாதச் செலவுக்கான கையிருப்பாக, அதாவது 1,08,000 ஆகிறவரை சேர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். இது இல்லாமல் எளிமை பேசினால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் மறுபடி 3 வட்டிக்குத்தான் போய் நிற்க வேண்டி வரும்.

அந்த எண்ணைக் காலண்டருக்குக் கீழே எழுதி ஒட்டினேன். வருடத்துக்கு ஒரு முறை, தைப்பொங்கல் முடிந்த வாரம், எல்லோரும் உட்கார்ந்து திருத்துவோம். விலைவாசி ஏறும், பிள்ளைகள் வளர்வார்கள், எண்ணும் ஏறத்தான் வேண்டும். ஆனால் எண்ணை நாங்கள் ஏற்றுகிறோம், பக்கத்து வீட்டு மாடி ஏற்றுவதில்லை.

இதன் பலன் 2024இல் தெரிந்தது. ஏலக்காய் மறுபடி 2,000 ரூபாயைத் தாண்டி ஏறியது, என்னோடு முன்பு குத்தகை எடுத்த சேக்காளி போன் செய்தான். "மச்சான், அணக்கரைப் பக்கம் 3 ஏக்கர் குத்தகைக்கு வருது, விட்டா கிடைக்காது." அன்று இரவு தூக்கம் வரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை, பழைய ஆசை அப்படியே உயிரோடு இருந்தது, முழுதாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு நோட்டை விரித்து, அந்த 3 ஏக்கர் நன்றாகக் காய்த்தால் வருகிற பணத்தில் வலதுபக்கத்தில் எந்த வரி மாறும் என்று பார்த்தேன். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. இடதுபக்கம்தான் நிரம்பியது. காய்க்காவிட்டால் மாறுகிற வரிகளை எழுதவே வேண்டியிருக்கவில்லை. காலையில் அவனைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னேன். எனக்குத் தெரிந்த மலையாளத்திலேயே சொன்னேன், அவனுக்கும் புரிந்தது.

உங்கள் கணக்கில் வலதுபக்கம் மாறுவதாக இருந்தால், மகள் படிப்புக்கோ வீட்டில் ஒருவர் சிகிச்சைக்கோ உண்மையிலேயே பணம் வேண்டியிருந்தால், போய் உழைத்துச் சம்பாதியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நோட்டு உங்களைத் தடுப்பதற்காக இல்லை.

போன தையில் எண்ணைத் திருத்த உட்கார்ந்தபோது என் மனைவி பேனாவை வாங்கி வலதுபக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'அடுப்படிக்கு இன்னொரு ஜன்னல், கிழக்குப் பார்த்து.' சித்திரையில் கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். கம்பி, மரச்சட்டம், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய், கிட்டத்தட்ட 14 நாள். காலை ஐந்தே முக்காலுக்கு நான் ஜீப்புக்குக் கிளம்பும்போது இப்போது அந்த ஜன்னல் வழியாக மலை தெரிகிறது, அவள் டம்ளரை அந்தத் திண்டில் வைத்துவிட்டு நின்றபடியே காப்பி குடிக்கிறாள்.